இணைப்பு எங்கே அறுந்தது?

கடற்கரையில் வாழும் மக்களுக்கு வலையைப் பற்றிப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. உடப்பிலும் கண்டக்குளியிலும் மீன்பிடித் தொழில் செய்வோர், மீன் தங்கவில்லை என்பதற்காக வலை முழுவதையும் குறைகூறி எறிந்துவிடுவதில்லை. அதனை மணலிலே விரித்து, ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்பு வரை கைகளால் தடவிச் சென்று, கண்ணி அறுந்த இடத்தைக் கண்டுகொள்கின்றனர். இடம் தெரிந்தபின் அதனைப் பொத்துவது சிறிது நேரத்து வேலை. தேடுவதிலேதான் திறமை இருக்கின்றது.

இன்று நம் வீடுகளுக்குள்ளே வேறொரு வலையும் வந்து சேர்ந்திருக்கின்றது. இணையம் என்று அதனை அழைக்கின்றோம். மடிக்கணினியைத் திறந்ததும் உலகத்தோடு பேசலாம் என்று எதிர்பார்க்கின்றோம். ஒருநாள் அது பேச மறுக்கின்றது. பக்கம் திறப்பதில்லை, சிறு வட்டமொன்று சுழன்றுகொண்டே இருக்கின்றது, பின்னர், இணைப்பு இல்லை என்ற வாசகம் தோன்றுகின்றது. அவ்வேளையில் அறுந்த இடத்தைத் தேட முற்படுவோர் நம்முள் மிகச் சிலரே. கணினி பழுதாகிவிட்டது என்று தாமாகவே தீர்ப்பளித்து, அதனைப் பையிலிட்டுக்கொண்டு புத்தளத்துக்கோ சிலாபத்துக்கோ பஸ் ஏறுவோரே பலர். ஆனால், இணைப்புக் கிடைக்காத வேளைகளிற் பெரும்பாலானவற்றிலே குற்றம் கணினியின் உள்ளே இருப்பதில்லை. இருப்பினும், கருவி எதுவுமின்றி வீட்டிலேயே சீர்செய்யத்தக்க சிறு குற்றமாகவே அது இருக்கும்.

இதனைப் பொழுதுபோக்குக்கு நேரும் சிறு தடை என்று எண்ணிவிடலாகாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, கொரோனாத் தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது, வகுப்பறை என்பதே ஒரு சிறு திரைக்குள் அடங்கிவிட்டது. பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஆயினும், அன்று தொடங்கிய பழக்கங்கள் பல நிலைத்துவிட்டன. இன்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குச் செல்லும் அனுமதி விண்ணப்பம் இணையவழியாகவே செல்கின்றது. பரீட்சைப் பெறுபேறுகளும் இணையவழியாகவே முதலில் வருகின்றன. மத்திய கிழக்கு நாடுகளில் உழைக்கும் தந்தையின் முகத்தைப் பிள்ளை காண்பதும் அவ்வழியாகவே. விண்ணப்பத்துக்கு இறுதி நாள் என்று ஒன்று உண்டு. கற்பிட்டித் தீபகற்பத்தின் ஒரு மூலையிலே இணைப்பு அறுந்தது என்ற காரணத்துக்காக அந்த நாள் தள்ளிப்போவதில்லை. ஆகவே, இந்த அறிவு ஒரு பிள்ளையின் ஓர் ஆண்டைக் காக்கக்கூடிய அறிவு என்பதை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

முதலில், நாம் அனுப்பும் செய்தி எவ்வழியாகப் பயணஞ் செய்கின்றது என்பதைச் சிறிது ஆராய்வோம். ஒல்லாந்தர் இந்நாட்டை ஆண்ட காலத்திலே, கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை நீர்வழியொன்றை அமைத்தனர். கால்வாயும் களப்பும் மாறிமாறி அமைந்த அவ்வழியிலே பண்டங்களை ஏற்றிய படகுகள் சென்றன. புத்தளத்துப் படகு கொழும்பை அடையவில்லையென்றால், படகு ஓட்டையாயிருக்கலாம். முந்தலருகே கால்வாய் தூர்ந்திருக்கலாம். சிலாபத்துக்கு அப்பால் கரை இடிந்திருக்கலாம். கொழும்பிலே காத்திருப்பவருக்கோ எல்லாம் ஒன்றுதான்: படகு வரவில்லை. இணையத்தின் இயல்பும் இத்தகையதே.

மடிக்கணினியிலிருந்து புறப்படும் செய்தி வானொலி அலையாக மாறி, வீட்டிலுள்ள ரவுட்டர் என்னும் சிறு பெட்டியை அடைகின்றது. இஃது முதற் கட்டம். அப்பெட்டியிலிருந்து செப்புக் கம்பி வழியாகவோ, கண்ணாடி இழை வழியாகவோ, அண்மையிலுள்ள கோபுரத்துக்குச் செல்லும் அலை வழியாகவோ நிறுவனத்தின் நிலையத்தை அடைகின்றது. இஃது இரண்டாம் கட்டம். அங்கிருந்து, வெளிநாட்டுக்குரிய செய்தியாயின், கடலடிக் கம்பியில் ஏறுகின்றது. தென்கிழக்காசியாவையும் மத்திய கிழக்கையும் மேற்கு ஐரோப்பாவையும் இணைக்கும் கம்பித் தொடரிலே நான்காவது 2005ஆம் ஆண்டு தொடக்கிவைக்கப்பட்டது. அது கொழும்பிலே கரையேறுகின்றது. ஐந்தாவது கம்பி மாத்தறையிலே கரையேறுகின்றது. அதன் நீளம் ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர். இஃது மூன்றாம் கட்டம். இறுதியில், நாம் நாடிய பக்கத்தை வைத்திருக்கும் தொலைதூரக் கணினியைச் செய்தி சென்றடைகின்றது. இஃது நான்காம் கட்டம். இந்நான்கில் எந்த ஒன்று அறுந்தாலும் நம் திரையிலே தோன்றும் காட்சி ஏறத்தாழ ஒன்றே. நோய் பல, அறிகுறி ஒன்று. ஆதலால், என்ன செய்வது என்று கேட்பதற்கு முன், எங்கே அறுந்தது என்று கேட்பதே முறை.

முதற் கேள்வி இது: இந்தத் துன்பம் எனக்கு மட்டுமா, எல்லார்க்குமா? இதற்கு விடை காண்பது மிக எளிது. அதே வீட்டிலே, அதே ரவுட்டரோடு இணைந்துள்ள கைத்தொலைபேசியை எடுத்து, அதன் சிம் அட்டையின் டேட்டாவை நிறுத்திவிட்டு, ஒரு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். டேட்டாவை நிறுத்த மறந்தால், தொலைபேசி வேறு வழியாக இணைந்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும். தொலைபேசியிலே பக்கம் திறந்தால், ரவுட்டரும் அதற்கு அப்பாலுள்ள வழி முழுவதும் நலமே. குற்றம் மடிக்கணினியின் பக்கத்தில் உள்ளது. அதிலும் திறக்கவில்லையென்றால், மடிக்கணினியைத் தொடவே வேண்டாம். குற்றம் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. அரை நிமிடச் சோதனை ஒன்று தேட வேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகின்றது.

அடுத்து, ஒரு பக்கம் மட்டும் திறக்கவில்லையா, எல்லாப் பக்கங்களுமா என்று பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 4ஆந் திகதி இரவு 9 மணியளவில், முகநூலும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டகிராமும் ஒருங்கே மறைந்தன. ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகெங்கும் அவை கிடைக்கவில்லை. அந்நிறுவனம் தன் கணினி நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வழிகளைப் பேணும் வேலையிலே நேர்ந்த பிழையே அதற்குக் காரணம். அன்றிரவு தம் தொலைபேசியையும் ரவுட்டரையும் மீண்டும் மீண்டும் அணைத்து ஏற்றியவர்கள் உலகெங்கும் எண்ணிறந்தோர். வேறொரு பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால், குற்றம் தம் வீட்டில் இல்லை என்பதை ஒரு நொடியில் அறிந்திருப்பர். நம் நாட்டிலும் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3ஆந் திகதியிலும் அரசாங்கத்தின் கட்டளையாற் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. அந்நாட்களில் ஏனைய பக்கங்கள் திறந்தன. அவை மட்டுமே திறக்கவில்லை. கருவியிற் குற்றமில்லாதபோது கருவியைத் திருத்த முயல்வது, பூட்டிய கதவுக்கு வெளியே நின்று தன் கால்களைக் குறைகூறுவது போலாம்.

மின்சாரத்தையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். நுரைச்சோலையிலே 900 மெகாவாட்டு ஆற்றலுடைய அனல்மின் நிலையம் நம் கண்முன்னே நிற்கின்றது. ஆயினும், 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திலே ஒரு குரங்கினால் நேர்ந்த இடையூறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியபோது, நுரைச்சோலையின் இயந்திரங்களும் நின்றன. அவை மீளச் சில நாட்கள் சென்றன. மின்சாரம் நின்றாலும் மடிக்கணினி தன் மின்கலத்தினால் இயங்கும். ரவுட்டரோ உடனே அணைந்துவிடும். தொலைபேசிக் கோபுரத்துக்கும் மின்கலம் உண்டு. ஆனால், நெடுநேர மின்வெட்டிலே அதுவும் ஓய்ந்துபோகும். மின்வெட்டு நாளிலே இணைப்பு மெலிந்தாற் கணினியைக் குறைகூறுவதிற் பயனில்லை.

இனி, குற்றம் மடிக்கணினியின் பக்கத்தில் உள்ளது என்று தெரிந்தால் என்ன பார்ப்பது? திரையின் ஓரத்திலுள்ள வைஃபை அடையாளத்தைக் கவனிக்க வேண்டும். விமானத்தின் உருவம் அங்கே தோன்றினால், விமானப் பயணத்துக்குரிய நிலை தவறுதலாக இயக்கப்பட்டிருக்கின்றது. அந்நிலையிலே கணினியின் அலைவாங்கிகள் யாவும் உறங்கும். விசைப்பலகையின் மேல்வரிசையிலுள்ள ஒரு விசையிலே பிள்ளையின் விரல் பட்டாலே இது நேர்ந்துவிடும். சில பழைய மடிக்கணினிகளிலே வைஃபைக்கென்று பக்கவாட்டில் ஒரு சிறு தனி ஆளியும் உண்டு. இவை நலமாயின், நம் வீட்டு ரவுட்டரின் பெயர் பட்டியலிலே தெரிகின்றதா என்று பார்க்க வேண்டும். பெயர் தெரிந்தும் இணையவில்லையென்றால், கடவுச்சொல்லை யாரேனும் மாற்றியிருக்கலாம். பழைய பதிவை மறக்கச் செய்து, கடவுச்சொல்லைப் புதிதாகக் கொடுத்தால் இணைந்துவிடும்.

பெயரே தெரியவில்லையென்றால் தூரத்தையும் சுவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ரவுட்டர்கள் பல இரண்டு அலைவரிசைகளைப் பயன்படுத்துகின்றன. 2.4 கிகாஹேர்ட்சு அலை வேகத்திற் குறைந்தது. ஆனால், நெடுந்தூரம் செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 5 கிகாஹேர்ட்சு அலை வேகமானது. இரண்டு கற்சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். பழைய மடிக்கணினிகளிற் சில இந்த இரண்டாவது அலையை அறியவே மாட்டா. கணினியை ரவுட்டரின் அருகே கொண்டுசென்று பார்த்தால் உண்மை புலப்படும். அருகில் இணைந்து தூரத்தில் இணையாவிட்டால், குற்றம் இருக்கும் இடத்தில் அன்றிக் கருவியில் இல்லை.

சில வேளைகளிலே, இணைந்துவிட்டது ஆனால் இணையம் இல்லை என்று கணினி கூறும். இது முரண்பாடன்று. ரவுட்டரோடு கை கோத்தாயிற்று, அதற்கு அப்பாற் செல்ல இயலவில்லை என்பதே அதன் பொருள். இதற்குரிய காரணங்களுள் ஒன்று முகவரிக் குறை. வகுப்பிற் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரவுப் பதிவேட்டிலே ஓர் இலக்கம் உண்டு. இலக்கமில்லாத பிள்ளையின் பெயர் கூப்பிடப்படுவதில்லை. அவ்வாறே, ரவுட்டர் தன்னோடு சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இலக்க முகவரியை வழங்குகின்றது. புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நான்கு எண்களைக் கொண்டது அது. வீடுகளிலே பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். ரவுட்டர் முகவரி வழங்கத் தவறினால், கணினி தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் புனைந்துகொள்கின்றது. இணைப்பின் விவரங்களைத் திறந்து பார்க்கும்போது இந்த எண் கண்ணிற்பட்டால், கணினி பதிவேட்டில் ஏறவில்லை என்று துணியலாம். வைஃபையைத் துண்டித்து மீண்டும் இணைத்தல், அதனாற் பயனில்லையேல் ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் பொறுத்து ஏற்றுதல், அதன்பின் கணினியை மீளத் தொடக்குதல் என்பனவே இதற்கு மருந்து. அணைத்து ஏற்றினாற் சரியாகும் என்று பலர் சொல்வதன் உட்பொருளும் இதுவே: பழைய பதிவேடு கிழிக்கப்பட்டுப் புதிய பதிவேடு திறக்கப்படுகின்றது.

குற்றம் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ உள்ளது என்று முதற் சோதனை காட்டினால், மாதக் கணக்கைப் பார்ப்பதே முதல் வேலை. பெக்கேஜ் தீர்ந்துபோயிருக்கலாம்; ரீலோட் செய்யத் தவறியிருக்கலாம். இதனைக் கேட்டு நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், மாத இறுதியிலே இணைப்பு நின்றுபோகும் வீடுகளிற் பலவற்றின் இரகசியம் இதுவே. அதன்பின் ரவுட்டரின் விளக்குகளைப் பார்க்க வேண்டும். கண்ணாடி இழை இணைப்பிலே சிவப்பு விளக்கு எரிந்தால், இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்பது பெரும்பாலும் அதன் பொருள். இழையை இறுக்கி மடித்திருந்தாலும், வீதியிலே மரக்கிளை விழுந்து அதனை அறுத்திருந்தாலும் இவ்வாறு நேரும். செப்புக் கம்பி இணைப்பாயின், அதே கம்பியிலுள்ள தொலைபேசியைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். ஒலி இல்லையென்றாலோ, இரைச்சல் மிகுந்திருந்தாலோ குற்றம் கம்பியில் உள்ளது.

கரையோரத்து வீடுகளுக்கு இங்கே இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று உப்புக் காற்று. புத்தளத்திலே உப்பை விளைவிக்கும் அதே வெயிலும் காற்றும், செப்பு முனைகளின்மேற் பச்சை நிறக் களிம்பைப் படியச் செய்கின்றன. களிம்பு படிந்த முனையிலே மின்னோட்டம் தடுமாறும்; இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கம்பியின் செருகியைக் கழற்றிப் பார்த்து, உலர்ந்த துணியாற் துடைத்து மீண்டும் இறுகச் செருகினாற் சில வேளைகளிற் குணமாகும்; களிம்பு உள்ளே ஊறிவிட்டாற் செருகியை மாற்றுவதே வழி. மற்றைய எதிரி இடிமின்னல். ஏப்ரல் மாதத்து மாலைகளிலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் இடி முழங்கும்போது, மின் கம்பியையும் தொலைபேசிக் கம்பியையும் ரவுட்டரிலிருந்து கழற்றிவைத்தல் வேண்டும். மின் கம்பியை மட்டும் கழற்றித் தொலைபேசிக் கம்பியை விட்டுவைப்பது, முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும். இடி முழங்கத் தொடங்கியபின் கம்பியைத் தொடுவதும் ஆபத்தானது. வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுவது நன்று.

குற்றம் எந்தக் கட்டத்தில் உள்ளது என்பதை இன்னும் நுட்பமாக அறிய வேண்டுமாயின், அதற்கும் ஒரு கருவி உண்டு. அது கணினியினுள்ளேயே இருக்கின்றது. ஆழ்கடலுக்குச் செல்லும் படகுகளிலே ஒலியைக் கீழே அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தினால் ஆழத்தை அளக்கும் கருவியை நம் மீனவர்கள் அறிவர். அந்த ஒலியின் பெயரையே தாங்கிய பிங் என்னும் ஒரு சிறு கட்டளையை, மைக் மூஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1983ஆம் ஆண்டு டிசம்பரிலே எழுதினார். அது ஒரு சிறு செய்தியைக் குறித்த முகவரிக்கு அனுப்பி, மறுமொழி வருகின்றதா, எத்தனை நேரத்தில் வருகின்றது என்று கூறும். விண்டோஸ் கணினியிலே, விண்டோஸ் விசையோடு ஆர் என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தி, சி, எம், டி என்னும் மூன்று எழுத்துகளைத் தட்டெழுதினாற் கறுப்புச் சாளரம் ஒன்று திறக்கும். அதிலே பிங் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முகவரியை எழுத வேண்டும்.

மூன்று முறை இதனைச் செய்தாற் போதும். முதலில், ரவுட்டரின் முகவரிக்கு. அது பெரும்பாலும் ரவுட்டரின் அடிப்பக்கத்திலே அச்சிடப்பட்டிருக்கும்; 192.168.1.1 என்பது வழக்கமான ஒன்று. அங்கிருந்து மறுமொழி வந்தால் முதற் கட்டம் நலம். இரண்டாவதாக, 8.8.8.8 என்ற முகவரிக்கு. இது கூகுள் நிறுவனம் 2009ஆம் ஆண்டு முதற் பொதுமக்களுக்காக நடத்திவரும் ஒரு கணினியின் முகவரி. அங்கிருந்தும் மறுமொழி வந்தாற் பாதை நலம். மூன்றாவதாக, எண்ணுக்குப் பதிலாக நன்கறிந்த ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்கு மறுமொழி வந்து பெயருக்கு வராவிட்டால், அறுந்திருப்பது பாதையன்று, பெயரேடு.

பெயரேடு என்பது யாது? கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதராகிய நாமோ பெயர்களையே நினைவிற் கொள்கின்றோம். இணையத்தின் இளமைக் காலத்திலே, பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரே பட்டியலை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிலையம் பேணிவந்தது. கணினிகள் பெருகியபோது ஒரு பட்டியல் போதாதாயிற்று. 1983ஆம் ஆண்டு போல் மொக்கபெட்ரிஸ் என்பவர், பெயரேட்டைப் பல பகுதிகளாக்கி உலகெங்கும் பகிர்ந்துவைக்கும் முறையை வகுத்தார். நாம் ஒரு பெயரை எழுதும்போது, கணினி முதலில் ஒரு பெயரேட்டுக் கணினியிடம் அதற்குரிய எண்ணைக் கேட்கின்றது. அக்கணினி மறுமொழி தராவிட்டால், பாதை முழுவதும் திறந்திருந்தும் நாம் வாசலிலேயே நிற்போம். கணினியின் இணைப்பு அமைப்பிலே பெயரேட்டுக்குரிய இடத்தில் 8.8.8.8 என்றோ 1.1.1.1 என்றோ எழுதினால், வேறொரு பெயரேடு நமக்கு உதவும். எனினும், ஓர் எச்சரிக்கை: சில தளங்கள் பாதுகாப்புக் கருதிப் பிங்குக்கு மறுமொழி தருவதேயில்லை. ஒரு தளம் மௌனமாயிருந்தாற் குற்றம் என்று முடிவு செய்யாது, இன்னுமொன்றைக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒருவரும் எண்ணிப் பாராத காரணம் ஒன்றும் உண்டு. அது கடிகாரம். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் தம் அடையாளத்தை நிறுவ ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அதிலே, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று எழுதப்பட்டிருக்கும். கணினியின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னே சென்றுவிட்டால், சான்றிதழ் இன்னும் தொடங்கவேயில்லை என்று அது கருதி, தளத்தைத் திறக்க மறுக்கின்றது. மின்சாரம் இல்லாத வேளையிலும் நேரத்தைக் காப்பதற்கெனப் பல கணினிகளிலே ஒரு காசளவான சிறு மின்கலம் உண்டு. அஃது ஓய்ந்தால், கணினி விழிக்கும்போதெல்லாம் பழைய நாளிலேயே விழிக்கும்.

கரையோரத்து மாணவி ஒருத்தி, பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குரிய இறுதி நாட்களிலே இந்த நிலைக்கு ஆளானாள். வங்கியின் தளமும் விண்ணப்பத் தளமும் திறக்கவில்லை. கணினி ஒரு கடைக்குச் சென்றது. அங்கே நாட்காட்டியை எவரும் பார்க்கவில்லை. உள்ளிருந்தவை யாவும் அழிக்கப்பட்டு, மென்பொருள் புதிதாக இடப்பட்டது. ஈராண்டுக் குறிப்புகளும், மறைந்த பாட்டனாரின் படங்களும் அதனோடு போயின. கூலியும் கொடுக்கப்பட்டது. வீட்டுக்கு வந்து மறுநாட் காலையிற் கணினியைத் திறந்தால், மீண்டும் அதே மறுப்பு. பின்னர் ஓர் இளம் ஆசிரியர் திரையின் மூலையிலிருந்த ஆண்டைக் கண்டு, அதனைத் திருத்தினார், தளங்கள் திறந்தன, விண்ணப்பமும் உரிய நேரத்திற் சென்றது. மின்கலம் பின்னர் மாற்றப்பட்டது. விண்ணப்பம் பிழைத்தது, படங்கள் திரும்பவில்லை. இடத்தைக் காணாமற் கொடுக்கும் மருந்து எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இதிலிருந்து மூன்று விதிகளைப் பெறலாம். முதலாவது: மீட்க முடியாத செயலை இறுதியிலேயே செய்ய வேண்டும். மென்பொருளைப் புதிதாக இடுதலும், ரவுட்டரின் பின்புறமுள்ள ஊசித்துளையை அழுத்தி அதன் அமைப்புகள் யாவற்றையும் அழித்தலும் இவ்வகையைச் சார்ந்தவை. ஊசித்துளையை அழுத்துவதும் அணைத்து ஏற்றுவதும் ஒன்றெனப் பலர் மயங்குகின்றனர். அவ்வாறன்று. அணைத்து ஏற்றுவது உறங்கி எழுவது. ஊசித்துளையை அழுத்துவது பெயரையும் ஊரையும் மறந்துவிடுவது. இரண்டாவது விதி: ஒரு வேளையில் ஒன்றையே மாற்ற வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றிக் குணமானால், எதனாற் குணமாயிற்று என்பது தெரியாது. குணமாகாவிட்டால், புதிதாக ஏற்பட்ட குற்றம் எது என்பதும் தெரியாது. மூன்றாவது விதி: செய்த ஒவ்வொன்றையும் ஒரு தாளிலே குறித்துக்கொள்ள வேண்டும். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கும்போது, இணையம் இல்லை என்று மட்டும் சொல்பவருக்கும், ரவுட்டர் மறுமொழி தருகின்றது, அதற்கு அப்பால் மறுமொழி இல்லை, சிவப்பு விளக்கு இன்ன நேரத்திலிருந்து எரிகின்றது என்று சொல்பவருக்கும் கிடைக்கும் உதவி ஒரே தன்மையதாயிராது.

நம் கைக்கு எட்டாத குற்றங்களும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2008ஆம் ஆண்டு ஜனவரி இறுதியிலே, எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியாவுக்கு அண்மையிற் கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, இந்தியாவிலும் இலங்கையிலும் இணையம் தளர்ந்தது. அத்தகைய நாளிலே கற்பிட்டியிலிருப்பவர் செய்யத்தக்கது யாதுமில்லை, காத்திருக்கலாம், அவ்வளவே. ஆயினும், குற்றம் தம் வீட்டில் இல்லை என்று உறுதியாக அறிந்து காத்திருப்பவருக்கும், அறியாமற் கலங்குபவருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முன்னவர் தம் பொருளையும் பணத்தையும் இழப்பதில்லை. அவசர விண்ணப்பம் இருந்தால், வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டை உள்ள தொலைபேசியிலே ஹொட்ஸ்பொட்டை இயக்கி, மடிக்கணினியை அதனோடு இணைத்துப் பார்ப்பார். வீட்டு இணைப்பு அறுந்த வேளையிலும் இவ்வழி பல தடவை கைகொடுத்திருக்கின்றது.

பாடசாலைகளுக்கும் இதிலே ஒரு கடமை இருக்கின்றது. விண்ணப்பக் காலத்திலே, இங்கு கூறிய சோதனைகளை வரிசையாக எழுதிய ஒரு தாளை அறிவித்தற் பலகையிலே ஒட்டிவைப்பது செலவில்லாத காரியம். தொலைபேசியிற் சோதித்தல், வேறு தளத்தைத் திறத்தல், விமான நிலையைப் பார்த்தல், கணக்கைப் பார்த்தல், நாளைப் பார்த்தல், அணைத்து ஏற்றுதல் என்று ஆறு வரிகள் போதும். இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்பே விண்ணப்பத்தை அனுப்பிவிடுமாறு மாணாக்கரை வற்புறுத்துவதும் அவசியம். வீட்டிலே கணினி இல்லாத பிள்ளைக்கு, பாடசாலைக் கணினியில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவைப்பது அதனினும் அவசியம். வசதி படைத்தவன் வீட்டிலே ஓர் இணைப்பு அறுந்தால் இன்னோர் இணைப்பு இருக்கும். மீன்வாடியிலிருந்து வரும் பிள்ளைக்கு இருப்பது ஒன்றே. அது அறுந்தால், எங்கே அறுந்தது என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். அந்த ஒருவர் பொறியியலாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பொறுமையோடு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துச் செல்பவராக இருந்தாற் போதும்.